சினிமா பாத்து மரண தண்டனை பத்தின உங்க கருத்து மாறியிருக்கா?

மாறியிருக்கு. ஒரு தடவ சினிமா மாத்துச்சு, ஒரு தடவ எங்க வீட்டு எழவு மாத்துச்சு. ரெண்டும் வேற வேற பக்கம்.

நீங்க ஏதோ ஜெயில் படம் பாத்துட்டு, கொலைகாரனுக்குப் போயி அழுதுட்டமேன்னு கூச்சத்துல கேக்குறீங்கன்னு நெனைக்கிறேன். கூச்சப்படாதீங்க, நான் தியேட்டர்லயே மூக்கு சிந்துன ஆளு. 2004 பொங்கலுக்கு கமல் நடிச்ச விருமாண்டி ரிலீஸ், அப்ப ஐடிஐ படிச்சுக்கிட்டிருந்தேன், மதுரை செல்லூர்ல இருந்து அஞ்சு பேரு சைக்கிள்ல போனோம். ஒரே கேஸுல ஜெயில்ல இருக்குற ரெண்டு பேரு கதை. நடந்தது ஒண்ணுதான், ஆனா அத மொதல்ல கொத்தாளத் தேவர் வாயால கேக்குறோம், அப்புறம் விருமாண்டி வாயால கேக்குறோம். மொதல்ல "இவனெல்லாம் மனுசனா"ன்னு தோணுன ஆளு அடுத்த ஒரு மணி நேரத்துல நம்ம வீட்டுப் புள்ளயா ஆயிடுறான். யாரு பேச்சக் கடைசியாக் கேட்டமோ அவன் பக்கம் சாஞ்சுட்டோம், அம்புட்டுதான். அதுலயும் கயிறு நல்லவனுக்கு, ஆயுள் கெட்டவனுக்கு, பொறவு எவன் தூக்கு வேணும்னு சொல்லுவான்? அதே வருசம் ஆகஸ்ட்ல கொல்கத்தால, ஒரு பள்ளிக்கூடப் புள்ளயக் கெடுத்துக் கொன்ன கேஸுல தனஞ்சய் சாட்டர்ஜியத் தூக்குல போட்டப்ப டீக்கடைல தனி ஆளா நின்னு கத்துனேன். அந்தக் கேஸு என்னன்னு ஒழுங்கா படிச்சதுகூட இல்ல. (கமல் ரசிகர்கள் சண்டைக்கு வராதீங்க, நானும் ரசிகன்தான், படத்த குத்தம் சொல்லல.)

2009ல சோழவந்தான் பக்கம் எங்க மாமாவ, அத்தை வீட்டுக்காரர, மடைத் தண்ணி தகராறுல மம்பட்டியால அடிச்சே கொன்னுட்டான் பக்கத்து வயக்காரன். இவனத் தூக்குல போட்டாத்தான் ஆச்சுன்னு குதிச்சேன். எங்களுக்குத் தெரிஞ்ச வக்கீலு, "தம்பி, அரிதிலும் அரிதான கேஸுக்குத்தான் தூக்குன்னு சுப்ரீம் கோர்ட்டு 1980லயே சொல்லிருச்சு, தமிழ்நாட்டுல கடைசியா போட்டதே 1995ல சேலத்துல ஆட்டோ சங்கரதான், வரப்புத் தகராறுக்கெல்லாம் தர மாட்டாக"ன்னாரு. அவரு மேலயே கோவம் வந்துச்சு. அத்தைதான் அழுகைக்கு நடுவுல, "ஏய்யா, படம் பாத்துட்டு வந்து தூக்கே கூடாதுன்னு அந்தப் பேச்சு பேசுனியே"ன்னு கேட்டுச்சு. பதிலு வரல.

கேஸு நடந்துச்சு. நான் ஒரு சாட்சி. லேத் பட்டறைல லீவு போட்டு ஏழு வாய்தாவுக்குப் போனேன், சாட்சிக்கு பேட்டா உண்டுன்னு சட்டத்துல இருக்கு, ஒத்த ரூவா வந்ததில்ல, கேட்டா கொல கேஸுல காசு கேக்குறான் பாருங்கற மாதிரி ஒரு பார்வை. குத்தவாளிக்காச்சும் வேன்ல சும்மா கூட்டியாறாக, சாட்சிக்கு பஸ்ஸு டிக்கெட்டும் சொந்தக் காசு. சரி அத விடுங்க.

ஒரு வாய்தாவுல அவன அரசரடி ஜெயில்ல இருந்து கூட்டியாந்திருந்தாக. வராண்டாவுல அவங்க ஆத்தா ஒரு தூக்குவாளியோட நிக்கிது. எஸ்கார்ட் போலீஸ் முடியாதுன்னுட்டாரு. அது சண்டை போடல, அழுகல, தூக்குவாளி மூடியில வழிஞ்ச கொழம்ப முந்தானையால தொடைக்குது, தொடச்ச எடத்தையே மறுபடி மறுபடி தொடைக்குது. எனக்கு அடிவயிறு என்னமோ பண்ணிருச்சு. அப்புறம் எம்மேலயே எரிச்சல். ஏன்னா அஞ்சடி தள்ளி எங்க அத்தை உக்காந்திருக்கு, அதப் பாக்காம இத ஏன் பாக்குறேன்?

சினிமால நடக்குறதும் இதுதான்னு நெனைக்கிறேன். கொன்னவனுக்கு ஆத்தா, காதலி, ஒரு பாட்டு, ரெண்டரை மணி நேரம். செத்தவனுக்கு மால போட்ட போட்டோ. போலீஸ் படத்துல அப்படியே தலகீழ், அங்க குத்தவாளிக்கு ஆத்தாவே இருக்காது, சுட்டா விசில். 2019ல ஹைதராபாத் பக்கம் ஒரு பொண்ணக் கெடுத்துக் கொன்ன கேஸுல புடிச்ச நாலு பேர என்கவுன்டர்ல சுட்டப்ப நானும்தான் ஸ்டேட்டஸ் வெச்சேன். போலீஸ் சொன்ன கதைய நம்ப முடியலன்னு 2022ல விசாரணை கமிஷன் சொன்னப்ப சத்தமில்லாம இருந்துட்டேன். இதுக்காக என்னைத் திட்டணும்னா திட்டிக்குங்க.

தப்பான தீர்ப்பு என்ன பண்ணும்னு மதுரைக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேணாம், கோவலன் கதை இருக்கு. ஆனா பாருங்க, கோவலனும் திருடல. திருடியிருந்தா? எனக்குத் தெரிஞ்சு கண்ணகி செலம்ப ஒடைக்கிற கதையே இல்ல. நெசமாவே செஞ்சவன, பாக்கவே புடிக்காத ஒருத்தன நிறுத்தி "இவனையும் கொல்லாத"ன்னு சொல்ற படத்துக்கு நாம டிக்கெட் எடுப்போமா? இப்ப நானும் தூக்கு வேணாம்னுதான் சொல்றேன், ஆனா அத்தை முன்னாடி சொன்னதில்ல.

அவனுக்கு ஆயுள் குடுத்தாக. டிவில விருமாண்டி போட்டா அத்தை மாடு புடிக்கிற வரைக்கும் பாக்கும், அப்புறம் ரிமோட்ட எங்கிட்ட குடுத்துட்டு கொல்லைக்குப் போயி பாத்திரத்தப் போட்டு உருட்டும். நான் சவுண்ட கொறச்சு வெச்சு மிச்சத்தப் பாப்பேன்.