படுக்கும்போது சர்க்கரை 120, எழும்போது 150 ஏன்?

காலையில் ரத்தச் சர்க்கரை 150 காட்டுகிறது, இரவில் மாவுச்சத்தை இன்னும் குறைக்கலாமா என்று கேட்கிறீர்கள். குறைத்தாலும் அந்த 150 பெரிதாக இறங்காது. படுக்கும்போது 120 இருந்தது என்கிறீர்கள். கூடிய 30 பெரும்பாலும் தட்டிலிருந்து வந்ததல்ல, கல்லீரல் விட்டது. விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும்போது கல்லீரல் குளுக்கோஸை ரத்தத்தில் விடும்.

இரண்டு மூன்று நாள் படுக்கும்போது, இரவு 3 மணிக்கு, எழுந்ததும் என்று மீட்டரில் பாருங்கள். (கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், விரலில் இனிப்பு ஒட்டியிருந்தாலே அளவு கூடும்.) 3 மணிக்குச் சரியாக இருந்து அப்புறம் ஏறினால் காரணம் அந்த விடியற்காலை ஹார்மோன்கள்தான். அப்போதே 70-க்குக் கீழே என்றால் கதை வேறு, மருந்து அதிகமாக இருக்கலாம்.

என்ன மருந்து என்று நீங்கள் சொல்லவில்லை. இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ என்றால், டாக்டரிடம் கேட்டு டோஸை மாற்றாமல் மாவுச்சத்தைக் குறைக்காதீர்கள். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.