துண்டுக்குள் ஒரு விலை

கேள்வி: எங்கள் ஊர் நோம்பிக் கணக்கை இந்த வருடம் கோயில் சுவரில் ஒட்டினார்கள். ‘எல்லாம் ஓப்பன்’ என்று பெருமை வேறு. பந்தலுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிறார்கள். வெளிப்படை என்றால் உண்மையில் என்னங்க?
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: மூஞ்சியைத் தூக்கினார்கள் பாருங்கள், விடை அங்கேதான் இருக்கிறது. தாளை ஒட்ட ஒரு கை பசை போதும். அதில் ஒருத்தர் விரலை வைத்து “இது என்னங்க?” என்று கேட்டால் பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டுமே.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். மாடு என்ன விலைக்குப் போகிறது என்று பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. நான் துண்டைக் குறை சொல்லவில்லை, விலை படியாவிட்டாலும் யார் மானமும் போகாது என்கிற சௌகரியம் அதில் உண்டு. ஆனால் உழவர் சந்தையில் தக்காளி விலையைப் போர்டில் எழுதி வைத்திருப்பதால்தான், முதல் தடவை வருகிற ஆளும் “அங்கே வேற போட்டிருக்கே” என்று சண்டைக்கு நிற்க முடிகிறது.

2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி செய்தது, பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். கம்ப்யூட்டர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ் என்கிற மென்பொருளின் மூலநிரலை, அதாவது அதை எழுதின வரிகளை, யாரும் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையின் வரலாற்றைத் திறந்தாலும், எந்த வரியை எப்போது எந்தப் பயனர் கணக்கிலிருந்து மாற்றினார்கள் என்று வரிசையாக நிற்கும். நேற்று எழுதின தப்பும் அங்கேயே கிடக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். உங்கள் ஊர்க் கணக்கில் பேனாவால் அடித்துத் திருத்தின தொகை இருந்தால் சந்தோஷப்படுங்கள், வெள்ளை மை பூசியிருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. வரி பாக்கி வைத்தவர் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு, அதையும் வெளிப்படை என்று சொல்கிற ஊர்களும் இருக்கின்றன. எனக்கு அது மிரட்டலாகத்தான் படுகிறது. பொதுப்பணத்தைக் கையில் வைத்திருப்பவர் கணக்குக் காட்டட்டும், கட்ட முடியாதவர் வீட்டு நிலைமை ஊருக்கு எதற்கு?

சரி, அடுத்த கூட்டத்தில் பந்தல்காரர் கொடுத்த பில்லைக் கேளுங்கள். தனியாகப் போகாதீங்க, கூட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்க.