பல்கலைக்கழகத்தில் மின்வணிகம், வணிக நுண்ணறிவு ஆய்வகம் நடத்துவதில் உண்மையான சிரமம் எது?

கோவையில் அப்படியொரு ஆய்வகத்தைச் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். கடைகளின் விற்பனைக் கணக்கை அலசி, அடுத்து எதை எவ்வளவு செய்யலாம் என்று சொல்லப் பார்ப்பதுதான் வேலை. பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே வருகிறவர்கள் சுவர் முழுக்கத் திரை இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். இருப்பது எட்டு கம்ப்யூட்டர், ஒரு சர்வர், அதைவிடச் சத்தம் போடும் ஒரு ஏசி.

கம்ப்யூட்டரில் பெரிய சிரமம் இல்லை. தரவு கிடைப்பதுதான் சிரமம். தரவு என்று நாம் சொல்வது இன்னொருவருடைய கடைக்கணக்கு. அதை யார் சும்மா தருவார்கள்?

புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்கள் முதலில் கையில் எடுப்பது இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு பரிசுப்பொருள் இணையக் கடையின் விற்பனைப் பட்டியலை. 2010 டிசம்பர் முதல் 2011 டிசம்பர் வரை, 5,41,909 வரிகள், இலவசம். பழகுவதற்கு நல்லதுதான். 1,35,080 வரிகளில் வாடிக்கையாளர் எண்ணே இருக்காது. ரத்தான பில்களின் எண்ணெல்லாம் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும். ஆனால் 50 கிலோமீட்டரில் திருப்பூரை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு லண்டன் பக்கத்துக் கணக்கையே பார்ப்பது?

சரி என்று, இணையத்திலும் விற்கிற ஒரு பனியன் கம்பெனிக்காரரைப் பார்க்கப் போனேன். டீ வந்தது. "பார்க்கலாமுங்க மேடம்" என்றார். நம் பக்கத்தில் 'பார்க்கலாமுங்க' என்றால் முடியாது என்று அர்த்தம், அதை மரியாதையாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நாலாவது தடவை போனபோது அவரே கேட்டார்: "ஏனுங்க மேடம், தீபாவளிக்கு எந்த சைஸ் எத்தனை வெட்டறதுன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுமுங்களா?" வணிக நுண்ணறிவு என்று நாங்கள் வகுப்பில் ஒரு மாதம் நடத்துவது மொத்தமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தப்பாக வெட்டினால் மிஞ்சின சைஸெல்லாம் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தைக்கு லாட் விலையில், அதாவது மொத்தமாகத் தள்ளிவிடும் விலையில் போகும்.

கணக்கைத் தர ஒப்புக்கொண்டார். அது கையில் வந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு மாதிரி, ஒவ்வொரு விற்பனைத் தளத்தின் எக்செல் கோப்பிலும் வேறு மாதிரி. ஒரே டீஷர்ட் ஓரிடத்தில் மெரூன், இன்னோரிடத்தில் வைன், மூன்றாவதில் பிரவுன். சைஸ் ஒன்றில் எழுத்து, ஒன்றில் மார்புச் சுற்றளவு. ஜிஎஸ்டி குறியீட்டை வைத்துப் பிரிக்கலாம் என்றால் பனியனும் டீஷர்ட்டும் 6109-க்குள்ளேயே அடக்கம். இரண்டு மாணவர்களுக்கு ஆறு வாரம் இதிலேயே போனது. கட்டுரையில் இதற்கு ஒரே வரி: 'தரவு சுத்திகரிக்கப்பட்டது.'

வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், முகவரி எதையும் நாங்கள் வெளியே எடுத்து வருவதில்லை. அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே அழித்து, ஆளுக்கொரு எண் போட்டு, பின்கோடு மட்டும் கொண்டுவந்தோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல்தான் வந்தது. சட்டமே இல்லாவிட்டாலும் அடுத்த தடவை அவர் டீ தர வேண்டுமே.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் கூச்சம். சரக்கு கைக்கு வந்ததும் பணம் தரும் ஆர்டர்களில் எது திரும்பி வரும் என்று முன்கூட்டியே கணிக்க ஒரு கம்ப்யூட்டர் மாடல் செய்தோம். அப்படித் திரும்புவதைத் தொழிலில் ஆர்டிஓ என்பார்கள். வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்லை, அனுப்பின இடத்துக்கே சரக்கு திரும்புவது. மாணவி ஓடி வந்தாள்: "மேம், 98 சதவீதம் சரியாச் சொல்லுது!" நானும் சந்தோஷத்தில் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கணக்கில் எந்தக் கட்டம் (காலம்) கணிப்புக்கு அதிகம் உதவுகிறது என்ற பட்டியலில் முதலில் நின்றது 'குறிப்பு' என்ற கட்டம். அவர் சிரித்துவிட்டார். "அதைச் சரக்கு திரும்பி வந்ததுக்கப்புறம்தானுங்க எங்க பில் போடற புள்ள எழுதும்."

விடையைப் பார்த்து எழுதின பரீட்சை. அந்தக் கட்டத்தை எடுத்ததும் 98 எங்கே போனது என்று கேட்காதீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டத்தையும் யார் நிரப்புகிறார்கள், எப்போது நிரப்புகிறார்கள் என்று அந்த பில் போடும் பெண்ணிடம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் நிரலைத் தொடுகிறோம்.

சைஸ் கேள்வியிலும் அவளிடம்தான் பாடம் படித்தோம். கணக்குப்படி 'எம்' சைஸ் நிறைய, டபுள் எக்ஸ்எல் சொற்பம். "அது ரெண்டு வாரத்துல தீந்துடுச்சுங்க மேடம், அப்புறம் எங்க விக்கறது?" என்றாள். இருப்பு இல்லாத நாளில் விற்பனை பூஜ்யம். அதற்குத் தேவையும் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. இப்போது விற்பனைப் பட்டியலோடு இருப்புப் பதிவேட்டையும் சேர்த்தே வாங்குகிறோம்.

பணம்? இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது இல்லாத மாணவர்களுக்குத் திட்ட நிதி தேட வேண்டும். வாங்கின நிதிக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தயார் செய்வதில் மார்ச் மாதம் ஆராய்ச்சியே நடக்காது.

இந்த வருடம் கணக்குப் பிரிவு எங்கள் சர்வர் பில்லை மறுபேச்சில்லாமல் பாஸ் செய்தது. திருப்பூர் பஸ் டிக்கெட் பில்லை மட்டும், கம்ப்யூட்டர் ஆய்வகத்துக்கு இத்தனை பயணம் எதற்கு என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.