முதல் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, இப்போது எதற்கு ஆன்ட்டி-டி ஊசி?

கேள்வி: எனக்கு ஓ நெகட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ். முதல் குழந்தை பாசிட்டிவ், எந்தக் குறையும் இல்லை. அப்போது ஊசி போட்டார்களா என்பது நினைவில்லை. இப்போது ஐந்தாம் மாதம், 28-வது வாரத்தில் ஆன்ட்டி-டி போடச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: அவசியம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஐசிடி, அதாவது இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட் எடுத்தாக வேண்டும். பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் உங்கள் ரத்தத்தில் ஏற்கனவே உருவாகியிருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை இது, இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுங்கள்.

முதல் குழந்தை தப்பியதற்குக் காரணம் இருக்கிறது. பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்கள் மேல் டி என்ற ஆன்டிஜென், அதாவது ஓர் அடையாளப் புரதம், இருக்கும், உங்கள் அணுக்களில் அது இல்லை. குழந்தையின் ரத்தம் தாயின் உடம்புக்குள் அதிகம் கலப்பது பிரசவத்தில், நஞ்சுக்கொடி பிரியும்போதுதான். அதாவது உங்கள் நோய் எதிர்ப்பு மண்டலம் டி-யைப் பார்த்து, இது நம்முடையது இல்லை என்று எதிர்ப்புப் பொருளை மெதுவாகத் தயாரிக்கத் தொடங்கும் நேரத்தில் குழந்தை வெளியே வந்திருக்கும். முதலில் உருவாகும் ஐஜிஎம் வகை எதிர்ப்புப் பொருள் பெரியது, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. சிக்கல் என்னவென்றால், டி-யை நினைவில் வைத்திருக்கும் செல்கள் உங்கள் உடம்பில் தங்கிவிடும். அடுத்த முறை கொஞ்சம் ரத்தம் கலந்தாலே போதும், இந்த முறை வேகமாக வருவது ஐஜிஜி என்ற சிறிய வகை, அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். ரத்தசோகை, கடும் மஞ்சள் காமாலை, சில சமயம் வயிற்றிலேயே குழந்தை உடல் முழுக்க நீர் கோத்துப்போவது எல்லாம் இதனால்தான்.

ஆன்ட்டி-டி என்பது வெளியிலிருந்து தரும் எதிர்ப்புப் பொருள். கலந்த குழந்தை அணுக்களை, உங்கள் உடம்பு அவற்றை அடையாளம் கண்டு நினைவில் பதிப்பதற்குள் அகற்ற உதவுகிறது. நினைவு ஏற்கனவே பதிந்துவிட்டால் ஊசியால் பயனில்லை, அதனால்தான் முதலில் டெஸ்ட். ஐசிடி நெகட்டிவ் என்றால் நிம்மதியாக ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் என்றாலும் பயந்துவிடாதீர்கள், டைட்டர், அதாவது எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் குழந்தைக்கு ரத்தசோகை வருகிறதா என்று கண்காணிப்பார்கள், வயிற்றில் இருக்கும்போதே ரத்தம் ஏற்றவும் முடியும். அப்புறம், 28-வது வாரத்திலும் ஊசிக்கு முன்பே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், போட்ட பிறகு எடுத்தால் ஊசி மருந்தே ரிசல்ட்டில் தெரியும்.

குழந்தை பிறந்ததும் அதன் ரத்த வகையைக் கேளுங்கள். பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசி, வழக்கமாக 300 மைக்ரோகிராம். நேரம் தவறினாலும் 10 நாள் வரை போடுவதில் பயன் உண்டு.

இடையில் ரத்தப்போக்கு வந்தாலோ வயிற்றில் அடிபட்டாலோ 28-வது வாரம் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். கருச்சிதைவுக்குப் பிறகும் இந்த ஊசி தேவைப்படலாம், அந்தத் துக்கத்தில் யாரும் நெகட்டிவ் வகையை நினைவுபடுத்துவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். முன்பு அப்படி ஏதாவது நடந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.