பிள்ளைப் பருவத்து ஏக்கம், பெரிய வயசு நோய்: வாசகர் கேள்விகள்

சின்ன வயசில் பாசம் கிடைக்காமல் வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் நோய் வரும் என்கிறார்களே, நிஜமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

வரும் வாய்ப்பு கூடுகிறது, வந்தே தீரும் என்றில்லை. அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதில் பெரிய திருப்பம். அடி, வசவு, பாலியல் தொல்லை, வீட்டில் குடி என்று நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்து வளர்ந்தவர்களிடம் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் பல மடங்கு அதிகம் இருந்தன, இதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பயந்தே வளர்கிற பிள்ளையின் உடம்பு எந்நேரமும் உஷாராகவே இருக்கிறது. கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு தாளம் தப்புகிறது, உள்ளே லேசான அழற்சி ஓயாமல் ஓடுகிறது. அப்புறம் அந்த வேதனையை அடக்க சிகரெட், குடி, அளவில்லாத தீனி. கெடுதலில் ஒரு பங்கு இந்த வழியாக வருகிறது, இந்த வழியை அடைப்பதும் நம் கையில் இருக்கிறது.

சின்ன வயசுக் கஷ்டங்களுக்கு மார்க் போட, அந்த அமெரிக்க ஆய்வை வைத்துச் செய்த பத்துக் கேள்விகளுக்கும் போனிலேயே பதில் போட்டேன். 6 மார்க் வந்தது. எனக்கு எந்த வயதில் ஹார்ட் அட்டாக் வரும்?
– வாசகர், பாளையங்கோட்டை

அந்த மார்க் ஊர் முழுக்கச் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதற்கு. தனி ஆளுக்கு ஜாதகம் மாதிரிப் பார்க்கக் கூடாது என்று ஆண்டாவே 2020-இல் எழுதிவிட்டார். வறுமை அந்தப் பட்டியலில் இல்லை, பள்ளிக்கூடத்தில் சாதி சொல்லிக் கேவலப்படுத்துவதும் இல்லை. கையில் சாதிக்கொரு கலர் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் முறைத்துக்கொள்கிற நம் நெல்லை ஜில்லாவுக்கு அது எப்படி முழுக் கணக்காகும்? போனை வைத்துவிட்டு பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள்.

உடம்பெல்லாம் வலி. சின்னதில் அப்பா அடிப்பார். அதுதான் காரணமா?
– ஊர் எழுதவில்லை

வயசும் எழுதவில்லை. எத்தனை மாதமாக வலி, காய்ச்சல் உண்டா, தைராய்டு பார்த்தாயிற்றா, எதுவுமே இல்லை. இப்படி எழுதினால் யார் என்ன சொல்ல முடியும்? முதலில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் அப்பா அடித்ததைப் பேசலாம். எப்போதும் சொல்வதுதான்: உடம்பைப் பார்க்காமல் மனசின் மேல் பழி போடாதீர்கள்.

எனக்கு 43 வயது, 5 வருடமாகச் சர்க்கரை. அம்மா பகலெல்லாம் பீடி சுற்றினாள், என்னைத் தூக்கிக் கொஞ்சியதே இல்லை. ஆச்சிதான் வளர்த்தாள். அம்மாவால்தான் இந்த நோய் என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள். இப்போது அவளிடம் பேசுவதில்லை.
– வாசகர், கடையம் பக்கம்

வகுப்பில் சொன்னவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. மாதாமாதம் இப்படி ஒரு கடிதமாவது வருகிறது, எல்லாவற்றிலும் குற்றவாளி அம்மாதான். அப்பா எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று நீங்களும் ஒரு வரி எழுதவில்லை.

மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், கால் கட்டைவிரலில் தொட்டில் கயிறு. பீடி சுற்றுகிற வீடுகளில் பிள்ளை வளர்ந்தது இப்படித்தான். ஆயிரம் பீடிக்குத்தான் கூலி, எண்ணிக்கை குறைந்தால் கூலியும் குறையும். அவள் கை உங்களைத் தூக்காமல் போனதற்கு அந்தக் கூலியும் ஒரு காரணம். உங்கள் ஏக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஏங்கியது நிஜம், அது இன்றும் வலிக்கிறது என்பதும் நிஜம். ஆனால் ஏக்கத்துக்கு மரியாதை கொடுப்பது வேறு, ஒருத்தியைக் கூண்டில் ஏற்றுவது வேறு.

மருத்துவமே இந்தத் தப்பைச் செய்திருக்கிறது. ஆட்டிசம் வருவது தாயின் பாராமுகத்தால் என்று இருபது வருடத்துக்கு மேல் பேசினார்கள். எத்தனையோ தாய்மார் அந்தப் பழியோடு வாழ்ந்தார்கள். அது முழுத் தப்பு. உங்கள் சர்க்கரைக்குப் பரம்பரை, இடுப்புச் சுற்றளவு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் காரணம். சின்ன வயசு நெருக்கடியும் ஓரளவு சேரலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று. ருமேனியாவில் 1989-க்குப் பிறகு அனாதை விடுதிப் பிள்ளைகள் பட்ட பாடு வெளியுலகுக்குத் தெரியவந்தது. பின்னால் அவர்களில் சிலரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டுத் தொடர்ந்து பார்த்தார்கள். 2 வயசுக்குள் போன பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். தேற்றியவர்கள் பெற்ற தாய்மார் இல்லை. பிள்ளைக்கு வேண்டியது மாறாமல் கூடவே இருக்கிற ஒரு பெரியவர். உங்களுக்கு ஆச்சி இருந்தாள். ராத்திரி பயந்து எழுந்தால் யார் பக்கத்தில் போய்ப் படுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவிடம் பேசுவது உங்கள் விருப்பம், சர்க்கரைக்காகப் பேசாமல் இருக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பையனுக்கு 8 வயது, வீசிங். அவன் அப்பா வெளிநாட்டில். கவுன்சிலிங் போனதில் நல்ல மாற்றம். இன்ஹேலரை நிறுத்தலாமா?
– வாசகி, மேலப்பாளையம்

நிறுத்தவே கூடாது. வீட்டு மன அழுத்தம் வீசிங்கைக் கூட்டும், அது குறைந்தால் மூச்சும் கொஞ்சம் லேசாகும். ஆனாலும் மூச்சுக்குழல் வீக்கத்துக்கு மருந்து வேண்டும். குறைப்பதா என்று மருத்துவர் சொல்லட்டும். வீட்டில் யாராவது பீடி சுற்றினால் அந்தத் தூள் பிள்ளை படுக்கிற அறைக்கு வரக் கூடாது. அப்பாவை தினமும் ஒரே நேரத்துக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

மகள் ஹாஸ்டலில் 6-ஆம் வகுப்பு. லீவுக்கு வந்தால் ஞாயிறு சாயங்காலம் வயிற்று வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. நடிக்கிறாளா?
– வாசகி, வள்ளியூர்

நடிக்கவில்லை. வயிறு நிஜமாகவே வலிக்கிறது. குடலுக்கும் மூளைக்கும் நேர் நரம்புத் தொடர்பு உண்டு, பிரிவு நெருங்கினால் குடல் இறுகும். எடை குறைவது, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, இதில் ஒன்று இருந்தாலும் திரும்ப மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால் ஹாஸ்டலில் என்ன நடக்கிறது என்று அவளிடம் கேளுங்கள். யூனிபார்ம் மடித்து வைக்கிற அவசரத்தில் கேட்காதீர்கள், சனிக்கிழமையே உட்கார்ந்து கேளுங்கள்.

வயது 58, முடக்குவாதம். சித்தி கையில் பட்டதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இனிச் சொல்லி என்ன ஆகப் போகிறது?
– வாசகி, வீரவநல்லூர்

ஆகும். 1999-இல் வந்த ஓர் ஆய்வில் ஆஸ்துமாவோ முடக்குவாதமோ உள்ளவர்களைத் தொடர்ந்து 3 நாள், தினம் 20 நிமிடம், வாழ்க்கையில் பட்ட பெரிய வேதனையை எழுதச் சொன்னார்கள். நான்கு மாதம் கழித்தும் பலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அப்படிப் பலன் கிடைக்கவில்லை. ஆனால் செலவில்லாதது, செய்து பார்க்கலாம். பிழை பார்க்காமல் எழுதுங்கள், யாரிடமும் காட்ட வேண்டாம். எழுத ஆரம்பித்துச் சில நாளாகியும் தூக்கம் கெட்டால் விட்டுவிட்டு 14416-க்குப் பேசுங்கள். அரசு மனநல எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மூட்டுக்குப் போடுகிற மாத்திரை அது பாட்டுக்கு நடக்கட்டும்.