ரயில் பெட்டியின் கதவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் காரைக்குடி வாசகர் சந்திப்பில் 'ட்ரெயின் டு பூசான்' என்ற கொரியப் படத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசிய நீங்கள், அதன் தொடர்ச்சியாக வந்த 'பெனின்சுலா'வை 'அது இல்லாமலே இருந்திருக்கலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். விடுமுறையில் பிள்ளைகளுடன் இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். உங்கள் தீர்ப்பு எனக்கு நியாயமாகப் படவில்லை. முதல் படம் ஒரு ரயிலுக்குள்ளேயே நடந்து கண்ணீரில் முடிகிறது. இரண்டாவது, அழிந்துபோன ஒரு நாட்டையே காட்டி, நோய் தொற்றி நடைபிணங்களான ஜோம்பிகளைவிட மனிதர்கள் கொடியவர்களாகிவிடுவதையும் சொல்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் படத்தில் ஒரு பெட்டி ஜோம்பிகளைக் கண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட மகள், இரண்டாவதில் அவை ஆயிரக்கணக்கில் வந்தபோது சீப்புச் சீடையைக் கடித்துக்கொண்டு நிம்மதியாகப் பார்த்தாள். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

பி.கு.: அடுத்த வாரம் என் தாயார் வருகிறார். திகில் படம் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இரண்டில் எதைக் காட்டலாம்?

மு., தேவகோட்டை

அன்புள்ள மு. அவர்களுக்கு,

ஒரு படத்தை ஒரே வரியில் தள்ளிவிட்டது என் தவறுதான். நேரம் போதவில்லை என்பது அதற்குச் சமாதானமாகாது. என் கருத்து மாறவில்லை என்றாலும், அதற்கான காரணத்தை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்: உங்கள் மகளும் அவள் கையிலிருந்த சீப்புச் சீடையும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் வீட்டில் நிலைவாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், முகப்பில் நிற்பவருக்குக் கடைசி வாசலுக்கு அப்பால் பின்தெருவில் போகும் கன்றுக்குட்டி விரலளவில் தெரியும். விளக்கு வைத்த பிறகு எங்கள் அப்பத்தா பின்வாசலில் தொடங்கி ஒவ்வொரு கதவாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டே முன்கட்டுக்கு வருவார். சிறு வயதில் கதவுக்கு அப்பாலிருந்த இருட்டைவிட எனக்குப் பெரிய பயமாக இருந்தது வேறொன்று. எல்லாரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்க்காமல் அவர் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அது.

'ட்ரெயின் டு பூசான்' தண்டவாளத்தில் ஓடும் அப்படிப்பட்ட ஒரு வீடு. பெட்டிக்குப் பெட்டி கதவு, கதவில் கண்ணாடி, அதற்கு அப்பால் அடுத்த பெட்டி. இயக்குநர் யோன் சாங்-ஹோ அந்தக் கதவுகளை வைத்தே இரண்டு மணி நேரக் கதையை நடத்திவிடுகிறார். பெருங்கூட்டத்தை அவர் நம்பவில்லை. தலைநகர் சோலிலிருந்து கிளம்பிய ரயிலில் நோய் பரவத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, மகளை அவள் தாயிடம் அழைத்துச் செல்லும் சோக்-வூ, உயிருக்கு ஓடிவரும் ஒருவரும் அவருடைய கர்ப்பிணி மனைவியும் அருகில் நெருங்கும் நேரத்தில் கதவைச் சாத்துகிறான். அவன் கெட்டவன் அல்லன். கணக்குப் பார்த்துப் பழகியவன். பிறர் பணத்தை முதலீடு செய்து பெருக்குவது அவன் தொழில். வட்டிக்கடையும் பேரேடும் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அவனை யாரும் விளக்கத் தேவையில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் உன்னை மட்டும் பார்த்துக்கொள் என்று மகளுக்கு அவன் சொல்வதும் அதே கணக்குத்தான்.

அடுத்து அந்தக் கர்ப்பிணிப் பெண் செய்யும் சிறு காரியம் ஒன்றைக் கவனித்தீர்களா? ஜோம்பிகளுக்குக் கதவைத் திறக்கத் தெரியாது. கண்ணில் ஆள் பட்டால்தான் அவை வெறிகொள்ளும். இதைக் கண்டுகொண்ட அவள், செய்தித்தாளை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுகிறாள். அந்தப் பக்கம் அவ்வளவு நேரம் மோதிக்கொண்டிருந்தவை சற்று நேரத்தில் அடங்கிவிடுகின்றன. ஈரத் தாளின் தடிமன்தான் இனிச் சாவுக்கும் இவர்களுக்கும் இடையில் உள்ள தூரம். கணினி வரைந்த ஆயிரம் ஜோம்பிகளால் இந்த ஈரத் தாளின் பயத்தைத் தர முடிவதில்லை.

படத்தின் உச்சம் இதைவிடக் கொடியது. 9ஆம் பெட்டியிலிருந்து சோக்-வூ உட்பட மூன்று ஆண்கள் இடையில் சிக்கிய சிலரை மீட்டுக்கொண்டு, பெட்டி பெட்டியாக அடித்து நகர்ந்து 15ஆம் பெட்டிக்கு வரும்போது, உள்ளே பத்திரமாக இருப்பவர்கள் கதவைத் திறக்க மறுக்கிறார்கள். அவர்களைத் தூண்டிவிடுவது கம்பெனி அதிகாரி ஒருவர்தான்; கைப்பிடியைக் கட்டுவதோ சாதாரணப் பயணிகள். பிறகு போராடி உள்ளே வந்தவர்களையும் நோய் இருக்கும் என்று சொல்லி அடுத்த பக்கத்து இடைவழிக்கு விரட்டிவிடுகிறார்கள். அப்போது முதிய சகோதரிகள் இருவரில் ஒருவர், கண்ணாடிக்கு அப்பால் ஜோம்பிகளுக்கு நடுவே தன் உடன்பிறந்தவளைப் பார்க்கிறார். திரும்பி இந்தப் பெட்டியில் இருப்பவர்களையும் பார்க்கிறார். எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடுகிறார். பழிவாங்கல் என்று சொன்னால் அந்த முகத்துக்குப் பொருந்தாது. அக்கா தங்கை இருவரும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தவரின் முகம் அது.

கொரியர்களுக்கு இந்தக் கதவுகள் வெறும் கதவுகளாக இருந்திருக்க முடியாது. 2014 ஏப்ரலில் செவோல் என்ற கப்பல் மூழ்கியபோது, பயணிகள் இருக்கும் இடத்திலேயே இருக்கும்படி மீண்டும் மீண்டும் அறிவிப்பு வந்தது, கேப்டன் தப்பித்தார், 304 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா சென்ற பள்ளி மாணவர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த இந்தப் படத்தில் அரசு எல்லாம் கட்டுக்குள் இருப்பதாகத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருக்க, பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் ரயிலுக்குள் மடிகிறார்கள். ஐந்து கோடிப் பேர் உள்ள நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் திரையரங்கு சென்று அதைப் பார்த்ததற்கு ஜோம்பி மோகம் மட்டும் காரணமாக இருக்காது.

இனி 2020இல் வந்த 'பெனின்சுலா'. அதே இயக்குநர்தான். உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அந்தப் படத்தின் முதல் கால்மணி நேரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ராணுவ அதிகாரியான ஜோங்-சோக், குடும்பத்தோடு துறைமுகத்துக்குக் காரில் விரையும்போது, வழியில் கைக்குழந்தையோடு கெஞ்சும் ஒரு குடும்பத்தை நிறுத்தாமல் கடந்துபோகிறான். கப்பலிலும் நோய் புகுந்துவிடுகிறது. கடிபட்ட மகனை விட்டு வர மறுக்கும் தன் அக்காவை உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்துகிறான். அதே கதவு! நான்கு ஆண்டுகள் கழித்து ஹாங்காங்கில் அவன் ஊரில்லாத அகதி. கொரியன் என்று தெரிந்ததும் சாப்பாட்டுக் கடையில் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். என் ஐயா 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களில் ஒருவர். காட்டையும் ஆற்றையும் மணிக்கணக்கில் சொல்வார். எத்தனை பேர் சேர்ந்து கிளம்பினீர்கள் என்று கேட்டால் மட்டும் வெற்றிலைப் பெட்டியை எடுத்து வரச் சொல்வார். ஜோங்-சோக்கின் முகத்தில் அந்த மௌனத்தைப் பார்த்தபோது, முதல் படத்தை விஞ்சும் ஒன்று வரப்போகிறது என்றே நினைத்தேன்.

வந்தது டாலர் லாரி. கைவிடப்பட்ட லாரியில் இருக்கும் இரண்டு கோடி டாலரை மீட்க அவன் திரும்பிப் போகிறான். அதிலிருந்து படம் துரத்தலாகிவிடுகிறது. முதல் படத்தில் பணம் கண்ணிலேயே படுவதில்லை. ஆனால் சோக்-வூவின் நிறுவனம் முட்டுக்கொடுத்துக் காப்பாற்றிய ஒரு தொழிற்சாலையிலிருந்துதான் நோயே கசிந்தது என்ற செய்தி வரும்போது, அவன் கழுவக் கழுவப் போகாத கையோடு கழிப்பறையில் அழுகிறான். இரண்டாவதில் பணம் மூட்டை மூட்டையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. யார் மனத்திலும் அதற்கு எடை இல்லை.

உங்கள் மகள் ஏன் பயப்படவில்லை என்பதற்கு வருகிறேன். ஜோம்பிகளுக்கு இருட்டில் கண் தெரியாது என்பதை முதல் படத்தில் பயணிகள் சுரங்கப்பாதைக்குள் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிக்கிறார்கள். வெளிச்சம் வருவதற்குள் சாமான் தட்டின்மேல் ஊர்ந்து கடக்க வேண்டும். இரண்டாவதில் அது எல்லாருக்கும் தெரிந்த பாடம். விளக்கெரியும் பொம்மைக் காரை ஒரு சிறுமி ஓட்டிக் காட்டினால் ஜோம்பிகள் அதன் பின்னால் போய்விடுகின்றன. அந்தச் சிறுமியும் அவள் அக்காளும் வரும் காட்சிகளை நானும் ரசித்தேன், மறுக்கவில்லை. ஆனால் விளக்கைக் காட்டி ஓட்டிச் செல்லக்கூடிய கூட்டம் கிடைமாட்டுக்குச் சமம். காரால் மோதிச் சிதறடிக்கும்போது அவை வேகத்தடைகளாகிவிடுகின்றன. கதவு இல்லாத வெட்டவெளியில் யாரை உள்ளே விடுவது என்ற கேள்வியே எழுவதில்லை.

மனிதர்கள் கொடியவர்களாவதை இரண்டாவது படம் விரிவாகச் சொல்கிறது என்கிறீர்கள். அழிந்த நாட்டில் தங்கிவிட்ட 631ஆம் படைப்பிரிவு முதலில் பொதுமக்களை மீட்க வந்தது என்று ஒரு வரி வருகிறது. மீட்க வந்தவர்கள், மனிதர்களைப் பிடித்து ஜோம்பிகளோடு கூண்டில் விட்டுப் பந்தயம் கட்டுபவர்களாக எந்த நாளில், எந்தக் கதவைச் சாத்தி மாறினார்கள்? அதுவே படமாக வேண்டிய கதை. நமக்குக் கிடைப்பது முடிவு மட்டும். முதல் படத்தின் கம்பெனி அதிகாரி நாடகத்தனமானவர் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; அடுத்தடுத்து ஆட்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறார், சலிப்பாகக்கூட இருக்கிறது. ஆனால் நோய் தலைக்கேறும் கடைசி நிமிடத்தில் அவர், பயமாக இருக்கிறது, அம்மா காத்திருக்கிறாள், வீட்டில் விட்டுவிடுங்கள் என்று பூசானில் உள்ள தம் முகவரியைக் குழந்தைபோல் ஒப்பிக்கிறார். அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாக இரண்டாவது படத்தின் வில்லன்களிடம் எதுவும் இல்லை.

இரண்டாவதின் முடிவில் ஜோங்-சோக், விட்டுவந்த ஒரு தாயை மீட்கத் திரும்பி ஓடுகிறான். கப்பல் கதவுக்கான பதில் அது என்பது புரிகிறது. ஆனால் மெதுவோட்டமும் இசையும் சேர்ந்து அதை இழுத்துக்கொண்டே போகின்றன. கண்ணீர் முடிவு என்று நீங்கள் குறை சொன்ன முதல் படத்திலோ, தந்தை வராததால் பள்ளி விழாவில் பாதியில் நிறுத்திய பாட்டை மகள் சுரங்கத்தின் இருட்டில் பாடுகிறாள். சுடுவதற்குத் துப்பாக்கியை உயர்த்திய வீரர்களுக்கு, வருவது மனிதர்கள் என்று அந்தப் பாட்டால்தான் தெரிகிறது.

தாயாருக்கு முதல் படத்தையே காட்டுங்கள். அவருக்கு உடன்பிறந்த சகோதரி இருந்தால், அந்தப் பெட்டிக் காட்சி வரும்போது தண்ணீர் எடுக்க எழுந்து போய்விடாமல் பக்கத்திலேயே இருங்கள்.