பழங்குடிச் சமூகங்களில் போதைப் பழக்கத்தைத் தடுக்க வெளியாட்கள் எப்படி உதவலாம்?

ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அங்கே எனக்குத் தெரிந்த ஓர் ஊரை வைத்தே சொல்கிறேன். யுவெண்டுமு என்று பெயர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 290 கிலோமீட்டர், செம்மண் பாலைவனத்தில் இருக்கும் வார்ல்பிரி என்ற பழங்குடி மக்களின் ஊர்.

1990களின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளை ஆட்டிப்படைத்தது பெட்ரோல். டின்னிலோ வெட்டிய பாட்டிலிலோ கொஞ்சம் ஊற்றி, மூக்கோடு ஒட்டிவைத்து ஆவியை இழுப்பார்கள். காசே வேண்டாம், நிற்கிற காரிலிருந்து குழாய் போட்டு எடுத்துக்கொள்ளலாம். நாளாக ஆக நடை தள்ளாடும், வலிப்பு வரும், மூளை கெடும். பல வருஷம் முகர்ந்த ஒரு இளைஞன் சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாமல் விரல் நடுங்கத் தவித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

1994-ல் ஊர்ப் பெரியவர்களே இறங்கினார்கள். பெகி நம்பிஜின்பா பிரவுன் என்ற மூத்த பெண்மணியும் அவர் கணவரும், முகர்கிற பிள்ளைகளைச் சுமார் 160 கிலோமீட்டர் தள்ளியிருந்த மவுண்ட் தியோவுக்குக் கூட்டிப்போய்க் கூடவே தங்கினார்கள். அது அந்தக் குடும்பத்துக்குப் பூர்வீக உரிமையுள்ள நிலம். அங்கே பெட்ரோல் கைக்கு எட்டாது. நடந்து ஊர் திரும்பவும் முடியாது. வேட்டைக்குப் போனார்கள், முன்னோர் கதைகளைக் கேட்டார்கள், வேளாவேளைக்குச் சாப்பிட்டார்கள். அதே சமயம் யுவெண்டுமுவில் இருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டு, டிஸ்கோ என்று மாலைப் பொழுதைப் போக்க வழி செய்தார்கள். என்னைக் கேட்டால் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. திரும்பி வருகிற பையனுக்குப் பொழுது போக வழியில்லை என்றால், அவன் மறுபடியும் டின்னைத்தானே தேடுவான்?

2002 வாக்கில் அந்த ஊரில் பெட்ரோல் முகர்வது கிட்டத்தட்ட நின்றுபோனது. 2007-ல் பெகி பிரவுனுக்கு ஆஸ்திரேலிய அரசின் பதக்கமும் கிடைத்தது.

சரி, இதில் வெளியாட்களுக்கு என்ன வேலை? ஊர்க்காரர்களால் முடியாததைச் செய்வதுதான். போதை தரும் நறுமண ஹைட்ரோகார்பன்கள் என்ற வேதிப்பொருள்களைப் பெருமளவு குறைத்து 2005-ல் 'ஓப்பல்' என்ற பெட்ரோலை பிபி நிறுவனம் கொண்டுவந்தது. கூடுதல் செலவை மத்திய அரசு மானியமாக ஏற்றுக்கொண்டது. அது போய்ச் சேர்ந்த 20 ஊர்களில் எடுத்த ஆய்வில் முகர்வோர் எண்ணிக்கை 70 சதவீதம் குறைந்திருந்தது. சில பெட்ரோல் பங்க்குகள் அதை விற்க மறுத்தன, அதனால் 2013-ல் சட்டமே போட வேண்டியிருந்தது. எண்ணெய்க் கம்பெனியையும் பங்க் முதலாளியையும் எந்த ஊர்ப் பாட்டியாலும் வழிக்குக் கொண்டுவர முடியாது. அது அரசாங்கத்தின் வேலை.

ஆனால் ஓப்பல் வருவதற்கு முன்பே யுவெண்டுமு மீண்டுவிட்டது என்பதைக் கவனியுங்கள். ஆகவே உங்கள் கையில் நிதி இருந்தால், புதுக் கட்டடமும் நகரத்து ஆலோசகரும் என்று ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகளோடு தங்கும் பெரியவர்களுக்குச் சம்பளம், வண்டிக்கு டீசல், சாப்பாட்டுச் செலவு, ஊரில் இளைஞர்களுக்கான விளையாட்டு, பொழுதுபோக்கை நடத்த ஆள், இவற்றுக்குக் கொடுங்கள். அதுவும் வருஷா வருஷம் மனு போட்டுக் காத்திருக்க வைக்காமல், ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள்.